என் கல்லறையில் ஏறிய சின்னப்பன்

1

எனக்கு எழுத வராது. ஐந்தாவது படித்ததோடு சரி. அதற்கப்புறம் கையில் பிடித்ததெல்லாம் நாற்றும் கரண்டியும்தான். சொன்னதையே திரும்பச் சொல்வேன், முக்கியமானதை விட்டுவிடுவேன். எது முன்னால் நடந்தது எது பின்னால் நடந்தது என்பதும் இப்போது மாறி மாறித்தான் ஞாபகம் வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பங்கு மலருக்கு, வெளிநாட்டில் இருக்கிறவர்கள் ஏதாவது எழுதி அனுப்புங்கள் என்று கேட்டிருந்தீர்கள். நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள். கோயிலிலும் தூணுக்குப் பின்னால்தான் உட்காருவேன். முதலில் பெயர் போடாமல் எழுதலாம் என்று நினைத்தேன். பிறகு யோசித்தால், நான் எழுதப்போவதே பெயரைப் பற்றித்தான். அதனால் போட்டுவிடுகிறேன். கீழத்தெரு மரியசூசை மகள் சவரியம்மாள். மஸ்கட்டில் ஒரு வீட்டில் சமைத்துக்கொண்டும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டும் இருந்து, இங்கேயே கிழவியாகிவிட்டவள்.

இந்தக் கல்லறைத் திருநாளுக்கு என் அண்ணன் மகன் அந்தோணி போனில் ஒரு வீடியோ அனுப்பினான். வாய்க்கால் கரையோரம் நம் தெருவுக்கான கல்லறைத் தோட்டம். வெள்ளையடித்த சிலுவைகள், செவ்வந்தி, காற்றில் திரி அணையாமல் இருக்கப் பாதியாக வெட்டிய பிளாஸ்டிக் பாட்டில்கள். அப்பா அம்மா கல்லறையைக் கறுப்புக் கல் பதித்து அழகாகக் கட்டியிருந்தான். பார்த்துக்கொண்டே வந்தேன். அப்பா பெயருக்குக் கீழே அம்மா பெயர். அதற்குக் கீழே என் பெயர்.

சவரியம்மாள், க/பெ சின்னப்பன். தோற்றம் என்று நான் பிறந்த தேதி. மறைவு என்ற இடத்தில் ஒன்றும் இல்லை, கல் மட்டும் பளபளவென்று இருந்தது.

உயிரோடு இருக்கும்போதே பெயரை வெட்டிவிட்டானே என்பதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. அந்த க/பெ தான். எனக்குக் கணவர் கிடையாது. எந்தக் காலத்திலும் கிடையாது.

2

இது ஏன் என்னை இப்படி அடித்தது என்பது நம் ஊர்க்காரர்களுக்கு விளங்கும். மலர் வெளியூருக்கும் போகும் என்பதால் சொல்கிறேன்.

நம் ஊரில் கல்யாணம் ஆகாமல் ஒருவர் செத்தால், குழந்தையானாலும் கிழவியானாலும், தலையில் பூமுடி வைத்துத்தான் பெட்டியில் கிடத்துவார்கள். வெள்ளைக் காகிதப் பூவும் ஜிகினாவும் சுற்றிய சின்ன முடி. பெரிய விஷயம் இல்லைதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். பெண்டாட்டியாக வாழ்ந்தவளுக்குத் தாலி இருந்தது. கன்னியாஸ்திரிக்கு உடுப்பும் மடமும் இருக்கிறது. என்னைப் போன்றவளுக்கு உயிரோடு இருக்கிற வரைக்கும் எந்த அடையாளமும் கிடையாது. அந்த ஒரு முடிதான். அதையும் நாங்கள் பார்க்க முடியாது.

பல வருஷத்துக்கு முன் நான் லீவில் வந்திருந்தபோது விக்டோரியாவின் உடல் குவைத்திலிருந்து வந்தது. அவளும் என்னோடு நடவு நட்டவள், கல்யாணம் ஆகாதவள். பெட்டியைத் திறந்து வைத்திருக்கிறார்கள். முடி கட்டுகிற பெரியவர் கையில் முடியோடு நிற்கிறார். கூட்டத்திலிருந்து ஒரு கிழவி சொன்னாள்.

"தனியா அரபு நாட்டுல கெடந்தவ. அங்க என்னா நடந்துச்சுன்னு யாரு கண்டா? முடி வைக்கிறதுன்னா யோசிச்சு வைங்கப்பா."

"சும்மா இரு கெழவி, பொணத்துக்கு முன்னாடி," என்று ஒருவர் அதட்டினார். ஆனால் அவரும் முடியை வாங்கி வைக்கவில்லை. பெரியவர்கள் தள்ளிப் போய் நின்று பேசினார்கள். விக்டோரியாவின் அம்மா யார் முகத்தையும் பார்க்கவில்லை. கடைசியில் நேரமாகிவிட்டது என்று பெட்டியை மூடினார்கள். முடி கட்டியவர் அதை என்ன செய்வதென்று தெரியாமல் வேலிமேல் வைத்துவிட்டுப் போனார். திரும்பி வரும்போது ஜிகினா வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது.

அன்றைக்கே எனக்குள் ஒரு பயம் விழுந்துவிட்டது. எனக்கும் இப்படித்தான் பேசுவார்களா? இப்போது அந்தோணி கல்லில் வெட்டியே வைத்துவிட்டான். இனி யாரும் பேசக்கூட வேண்டாம்.

3

சின்னப்பன் யார் என்று கேட்பீர்கள்.

மேட்டூரில் தண்ணீர் திறக்காமல் இரண்டு மூன்று வருஷம் வாய்க்கால் காய்ந்து கிடந்தது. குறுவை இல்லை, சம்பாவும் பாதிதான். நடவு இல்லாவிட்டால் எங்கள் தெருவில் அடுப்பு இல்லை. அந்தச் சமயம்தான் ஆளாளுக்கு பாஸ்போர்ட் எடுத்தார்கள். ஆண்கள் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போனார்கள். பக்கத்து ஊர்க் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த பாய் வீட்டார் மஸ்கட்டில் கடை போட்டிருந்தார்கள். வீட்டோடு இருக்க நம்பிக்கையான பெண் வேண்டும் என்றார்கள். அண்ணன் என்னைச் சொன்னார்.

மயிலாடுதுறையில் ஒரு ஏஜெண்டு. மேசைக்குப் பின்னால் இருந்துகொண்டு நிமிர்ந்தே பார்க்காமல் கேட்டார்.

"புருஷன் பேரு?"

"கல்யாணம் ஆவலைங்க."

அப்போதுதான் நிமிர்ந்தார். "ஏம்மா, தனிக்கட்டைன்னு எழுதுனா நூறு கேள்வி கேப்பான். புருஷன் சம்மதத்தோட போறான்னு எழுதுனா ஒரு கேள்வியோட விட்ருவான். ஏதாச்சும் ஒரு பேரு சொல்லு."

எந்த ஆம்பளை பெயரை நான் சொல்வது? எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த, கத்தாருக்கு வேலைக்குப் போகிற, நான் முகம்கூடச் சரியாகப் பார்க்காத ஒரு மனிதரைப் பார்த்து ஏஜெண்டு, "உன் பேரு என்னாய்யா?" என்று கேட்டார். அவர் "சின்னப்பன்" என்றார். அதையே எழுதிக்கொண்டார். தாலி கட்டாமல், கோயில் மணி அடிக்காமல், சாமியார் இல்லாமல் ஒரு நொடியில் முடிந்தது.

மஸ்கட் வந்த பிறகு பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போது நம் தூதரகத்தில் ஒரு தடவை துணிந்து கேட்டேன், இந்தப் பெயரை எடுத்துவிடுங்கள் என்று. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் பொறுமையாகத்தான் சொன்னது. "அவர் இறந்துட்டார்னா இறப்புச் சான்றிதழ் கொண்டாங்க. பிரிஞ்சுட்டீங்கன்னா கோர்ட்டு உத்தரவு கொண்டாங்க."

"அப்படி ஒரு ஆளே இல்லைங்க."

"இல்லாதவரை எப்படிம்மா எடுக்கறது?"

வரிசையில் என் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் வந்துவிட்டேன். பிறகு கேட்கவில்லை. செத்தால்தான் எடுக்க முடியும், இல்லாதவர் சாகவும் மாட்டார்.

4

இங்கே எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வெள்ளிக்கிழமையில் வரும். அன்றுதான் லீவு, அன்றுதான் பூசை. லாத்தா வீட்டு ஆண்கள் ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பும்போது நானும் கோயிலுக்குக் கிளம்புவேன். லாத்தா என்பது வீட்டு எசமானியம்மா. அக்கா என்பதற்கு அவர்கள் சொல்கிற வார்த்தை, எனக்கும் அதுவே பழகிவிட்டது.

நடவு நட்ட காலத்தில், பணக்காரன் மோட்சத்துக்குப் போவது ஊசிக்காதில் ஒட்டகம் நுழைகிற மாதிரி என்று பிரசங்கத்தில் கேட்டால் எங்கள் தெருப் பெண்கள் முழங்கையால் இடித்துக்கொள்வோம். எங்களுக்கு வயலில் வேலை கொடுத்தவர்தான் அந்த ஒட்டகம் என்று நினைப்பு. நாங்கள் நேரே உள்ளே போய்விடுவோம், எங்களுக்கு என்ன இருக்கிறது கையில்?

இங்கே வந்து நிஜமான ஒட்டகத்தைப் பார்த்தேன். சாலை நடுவில் நின்றுகொண்டு, எந்த வண்டி ஹாரன் அடித்தாலும் நகராமல் எல்லாரையும் சந்தேகமாகப் பார்க்கும். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் ஊரில் வீடு கட்டினேன். தளம் போட்ட வீடு, தரைக்கு டைல்ஸ், வாசலில் இரும்பு கேட்டு. கீழத்தெருவில் முதல் மாடிப்படி என்னுடையது. லீவில் வந்து அதில் ஏறி நின்றபோது கீழே நின்றவர்கள் எல்லாரும் என்னை அண்ணாந்து பார்த்தார்கள். அன்றைக்குத் தெரிந்துவிட்டது. ஒட்டகம் நான்தான்.

அந்த வீட்டைக் கட்டியதிலிருந்து எவர் பாசத்தையும் எனக்கு நம்ப முடியவில்லை. அதற்கு முன்னால் அந்தோணி "அத்தே, உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டால் உடம்பைத்தான் கேட்கிறான் என்று நினைப்பேன். வீடு வந்த பிறகு, இவன் எதைக் கேட்கிறான் என்று யோசிப்பேன். சாவி அவனிடம்தான். ஜன்னலுக்கு வண்ணம் அடித்திருக்கிறேன் என்றால், ஏன் அடிக்கிறான்? மாமரம் வைத்திருக்கிறேன் என்றால், யார் சாப்பிட வைக்கிறான்? அவன் மனைவி மிளகாய்ப்பொடி அரைத்து ஆள்மூலம் கொடுத்தனுப்பினால் அதையும் ஒரு நாள் மூடியே வைத்திருப்பேன்.

லாத்தா சொல்வார், "உனக்கு சோறே வேணாம் சவரி. சந்தேகத்தையே பெசஞ்சு தின்னுக்கிட்டு ஒரு வருஷம் இருந்துருவே."

வெள்ளிக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால் வேறு சபைக்காரர் ஒருவர் கோட்டு போட்டுக்கொண்டு வருவார். கர்த்தர் உங்களை ஆசீர்வதித்துத்தான் வீடு கொடுத்தார், அதை ஊழியத்துக்கு எழுதி வைத்தால் உங்களுக்கு இங்கேயும் பெருகும் அங்கேயும் பெருகும் என்பார். எனக்குப் பிள்ளை இல்லை என்பதை அவர் எப்படியோ தெரிந்து வைத்திருந்தார். கல்யாணம் ஆகாதவளுக்கு உறவு இல்லை என்று நினைக்கிறார்கள். வீடு மட்டும் இருந்துவிட்டால் உறவுக்குக் குறைவே இல்லை.

ஒன்று சொல்கிறேன். நான் ஆண்டவருக்காகத் தனியாக இருந்தவள் இல்லை. வந்த ஒருவன் குடிகாரன், இன்னொருவனுக்கு என்னைப் பிடிக்கவில்லை, பிறகு அப்பா படுக்கையில் விழுந்தார், பிறகு யாரும் வரவில்லை. ஆனாலும் அப்படி அமைந்ததை நான் அழுக்காக்காமல் வைத்திருந்தேன். அதை நான் ஆண்டவரிடம் கொண்டுபோய்க் காட்டலாம் என்று இருந்தேன். வீட்டைக் காட்ட முடியாது, பாருங்கள்.

5

வீடியோ பார்த்த மறுநாள் அந்தோணிக்குப் போன் போட்டேன்.

"என்னாடா, என்னைப் பொதைக்க இவ்வளவு அவசரமா?"

"ஐயோ அத்தே! எடம் பிடிச்சேன் அத்தே. தோட்டத்துல எடம் இல்லைன்னு பேச்சு. பேரு வெட்டாத கல்லறைய வேற குடும்பத்துக்கு விட்ருவாங்களாம். பஸ்ல துண்டு போடற மாதிரி போட்டு வச்சேன்."

"துண்டு போட்டே, சரி. சின்னப்பன் யாருடா?"

அந்தப் பக்கம் ஒரு டிராக்டர் போகிற சத்தம் கேட்டது.

"பாஸ்போர்ட்டுல அப்படித்தானே அத்தே இருக்கு. மேலத்தெரு ஆளு துபாய்ல செத்தப்ப ஒரு காகிதத்துல ஒரு பேரு, இன்னொண்ணுல வேற பேருன்னு பொட்டிய அனுப்பாம இழுத்தடிச்சாங்க. உனக்கு அப்படி ஆவக்கூடாதுன்னு எல்லாத்தையும் ஒண்ணுபோல வச்சேன்."

"கல்லறைக் கல்லைப் பாத்துட்டாடா பொட்டிய விடுவான்?"

"எனக்கு என்னா தெரியும்..." என்றான். பிறகு ரொம்ப மெதுவாகக் கேட்டான். "அத்தே, கோவிச்சுக்காத. அவரு இருக்காரா, போயிட்டாரா?"

"எவருடா?"

"சின்னப்பன் மாமாதான்."

மாமா என்கிறான்! ஏஜெண்டு கடையில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு மனிதரை இவன் இத்தனை வருஷமாக மனதுக்குள் மாமா முறை வைத்துக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான்.

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். நான் கிளம்பின புதிதில் பாஸ்போர்ட் ஜெராக்ஸ் ஒன்றை வீட்டில் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த இவன்தான் அதை என் அம்மாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறான். புருஷன் பெயர் வந்த இடத்தில் அம்மா அவன் வாயைப் பொத்தினாராம்.

"யாருகிட்டயும் சொல்லாதன்னு சொன்னுச்சு அப்பாயி. அவ வாயால சொல்லட்டும், நாம கேக்கக்கூடாது, கேட்டா கூச்சப்படுவான்னு சொன்னுச்சு. அதான் நான் எப்பவும் கேக்கலை."

"அம்மா நம்புனுச்சா?"

"பூசைக்குப் பேரு குடுக்கும்போதெல்லாம் உன் பேரோட அந்தப் பேரையும் சேத்துத்தான் குடுக்கும்."

போனை வைத்துவிட்டேன்.

6

அன்றைக்குப் பகல் முழுக்க நான் சமைக்கவில்லை. லாத்தாதான் ரசம் வைத்தார்.

அம்மா போனில் பேசும்போதெல்லாம் ஒரே கேள்வி கேட்பார். "வீட்டுல எல்லாரும் சவுக்கியமா?" நானும் லாத்தா வீட்டைத்தான் கேட்கிறார் என்று, "எல்லாரும் சவுக்கியம்மா, நல்லா பாத்துக்கறாங்க," என்பேன். அம்மாவுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்?

ஒரு தடவை லீவு முடிந்து கிளம்பும்போது என் பையில் ஊறுகாய்க்கு அடியில் ஒரு வெள்ளைக் கைத்தறி வேட்டி வைத்திருந்தார். கரை போட்ட நல்ல வேட்டி. அம்மாவின் கூலிக்கு அது பெரிய விலை. இங்கே வந்து பிரித்துப் பார்த்து, எசமானர் வீட்டுக்கு மரியாதை செய்திருக்கிறார் போல என்று நினைத்து லாத்தாவின் கணவரிடம் கொடுத்தேன். அவர் சந்தோஷப்பட்டு வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு அதைக் கட்டிக்கொண்டு போனார். அடுத்த போனில் அம்மா கேட்டார், "வேட்டி நல்லா இருந்துச்சா?" நான் சொன்னேன், "ரொம்பப் பிடிச்சுப்போச்சும்மா. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம அதைத்தான் கட்டறாங்க." அம்மா சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் கேட்டதில்லை.

இப்போது அம்மாவும் இல்லை, வேட்டி கட்டியவரும் இல்லை. யாரிடம் போய் இல்லை என்று சொல்வேன்?

நான் ஊர்க்காரர்கள் எல்லாரையும் சந்தேகப்பட்டேன். அவர்களும் என்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள், என்னைவிட அடக்கமாக. என் சந்தேகம் மிளகாய்ப்பொடியை மூடி வைத்தது. அம்மாவின் சந்தேகம் வேட்டி வாங்கியது.

லாத்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பூமுடியைப் பற்றியும் சொன்னேன். "எங்கள்ல அதெல்லாம் இல்ல சவரி. ராஜாவா இருந்தாலும் கூலியா இருந்தாலும் வெள்ளைத் துணிதான், சுத்தி அனுப்பிருவோம். கல்யாணம் ஆச்சா இல்லையான்னு மண்ணு கேக்கப்போவுதா?" என்றார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. மண் கேட்காது, கீழத்தெரு கேட்கும்.

நான் வளர்த்த அப்ரின், லாத்தாவின் மகள், இப்போது கனடாவில் இருக்கிறாள். முன்பெல்லாம் என் மடியில் படுத்துக்கொண்டு நம் ஊர்த் தமிழ் பேசினவள், இப்போது பாதிக்கு மேல் ஆங்கிலம். கல்யாணம் வேண்டாம் என்கிறாள். அன்று வீடியோவில் வந்தபோது, "சவரிம்மா மட்டும் ஹேப்பியா இல்லையா? ஷீ இஸ் மை ரோல் மாடல்" என்றாள்.

"என்னா சொல்றா அவ?" என்று நான் லாத்தாவைக் கேட்டேன்.

"உன்னை மாதிரி இருக்கப்போறாளாம். எங்கடி அவ நல்லா இருக்கா? ஒரு கல்லைப் பாத்துட்டு காலையிலேருந்து அழுதுக்கிட்டு இருக்கா, எனக்கு ரசம் வைக்க வேண்டியதாப்போச்சு!" என்று மகளிடம் சத்தம் போட்டார். மூன்று பேருமே சிரித்துவிட்டோம். ஆனால் எனக்கு உள்ளே ஒரு கேள்வி. அப்ரின் நிஜமாகவே என்னைப் பார்த்துத்தான் சொல்கிறாளா, இல்லை என்னைச் சாக்காக வைக்கிறாளா? பாருங்கள், என் புத்தி.

வெள்ளிக்கிழமை பூசைக்குப் பிறகு இங்குள்ள தமிழ் சாமியாரிடம் கேட்டேன். "சாமி, மேல போனா என்னை எந்தப் பேர்ல கூப்புடுவாங்க?"

"அங்க பாஸ்போர்ட்டு கேக்க மாட்டாங்கம்மா."

"கேக்க மாட்டாங்கன்னு சாமிக்கு எப்படித் தெரியும்?"

அவர் சிரித்துக்கொண்டே, "நம்ம பெரியவங்க பவுல் அப்போஸ்தலரைத்தானே சின்னப்பர்ன்னு சொல்வாங்க? தனியா இருக்கறது நல்லதுன்னு சொன்னவரே அவருதான். பொருத்தமான ஆளாத்தான் எழுதிவிட்டிருக்காங்க," என்றார்.

நல்ல மனிதர், வேடிக்கையாகச் சொன்னார். நான் சிரிக்கவில்லை. ஆனால் திரும்பி வரும்போது வண்டியில் நினைத்துக்கொண்டேன். மேலே இருக்கிறவருக்குத் தெரியும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவர் ஒருவரிடம்தான் எனக்குச் சந்தேகம் இல்லை. கீழே பெட்டியைச் சுற்றி நிற்கிறவர்களுக்கு அவர் எப்படிச் சொல்லப்போகிறார்?

அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

7

எனக்கு வயது ஏறிவிட்டது. இங்கே தங்குவதற்கான அட்டையை இனிமேல் புதுப்பிப்பது கஷ்டம் என்று லாத்தாவின் மகன் சொல்கிறான். உயிரோடோ பெட்டியிலோ நான் ஊருக்கு வரத்தான் போகிறேன். வீட்டை அந்தோணிக்கே எழுதி வைக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. ஊசிக்காதுக்கு முன்னால் முதுகுச்சுமையை இறக்கித்தான் ஆகவேண்டும். ஆனால் அதற்கு முன்னால் கல் சரியாக வேண்டும். அவனிடம் அப்படியேதான் சொன்னேன். "கல்லுல என் அப்பா பேரைப் போடு. பெரியவங்ககிட்டப் போயி, எங்க அத்தை கன்னியாத்தான் இருந்துச்சுன்னு உன் வாயால சொல்லு. அப்புறம் வீட்டைப் பத்திப் பேசு."

"வீட்டை யாரு கேட்டா அத்தே?" என்றான். அழுகிற மாதிரி இருந்தது குரல். அது நிஜமான அழுகையா என்று போனில் கண்டுபிடிக்க முடியாது.

போன வாரம் ஒரு போட்டோ அனுப்பினான். கல்தச்சரை வைத்து எழுத்தை அடைத்துத் திருத்திவிட்டேன், பெரியவர்களிடமும் சொல்லிவிட்டேன் என்று எழுதியிருந்தான். பெரிதாக்கிப் பார்த்தேன். அப்பா பெயர் தெரிகிறது. அம்மா பெயர் தெரிகிறது. சவரியம்மாள் என்பது தெரிகிறது. அதற்குப் பக்கத்தில், சரியாக அந்த இடத்தில், ஒரு பெரிய செவ்வந்தி மாலை தொங்குகிறது.

வேண்டுமென்றே போட்டானா, பாசத்தில் போட்டானா, எனக்குத் தெரியவில்லை. அவனிடம் இன்னொரு தடவை கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆகையால் இந்த மலரைப் படிக்கிற நம் ஊர்க்காரர் யாராவது, வாய்க்கால் பக்கம் போகும்போது, ஒரு நிமிஷம் கல்லறைத் தோட்டத்துக்குள் போய்ப் பாருங்கள். நான் எழுதியதில் பெயரோ முறையோ தப்பாக இருந்தால் திருத்துங்கள், எனக்கு மறதி அதிகம். விக்டோரியாவின் முடியை வேலியில் வைத்தார்களா, வேறு எங்காவதா என்று நினைவிருக்கிறவர்கள் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், அந்த மாலையைக் கொஞ்சம் நகர்த்திப் பார்த்து, அடியில் இருக்கிறது யார் பெயர் என்று எனக்கு எழுதுங்கள்.